பொக்ஸ் ஹில்லுக்கு ஒரு பழைய கார்

ஒரு வாகனம் 100 மீற்றர் உயரம் கீழே இறங்கும்போது புவியீர்ப்பு அதற்குக் கொடுக்கும் சக்தியும், அதே வாகனம் மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் சக்தியும் ஒன்றுதான். கோவா மூட்டை ஏற்றிய லொறியா, மினி காரா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. எடை இரண்டு பக்கத்திலும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பண்டாரவளை 1,230. ஆகவே அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்குப் போய்ச் சேரும் எந்தக் காரும், வழியில் ஒரு தரம்கூட நாற்பதைத் தாண்டாவிட்டாலும், 160இல் வந்து நிற்பதற்குச் சமமான சக்தியை இரண்டு தடவை எங்கேயாவது கொட்டித் தீர்த்திருக்கிறது. பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினால் அந்த எண்ணிக்கை பத்தைத் தாண்டும். எஞ்சின் இழுத்துப் பிடிப்பது ஒரு பங்கு, காற்று தடுப்பது ஒரு பங்கு. மிச்சம் எல்லாம் பிரேக்கில் சூடாகிறது. 900 கிலோ காருக்கு, 100 மீற்றர் இறக்கத்தின் சூடு இரண்டரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கேத்தலில் வைத்துக் கொதிக்க வைக்கப் போதும்.

பழைய சிறிய காரைப் பந்தயத் தடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் எஞ்சினில்தான் தொடங்குவார்கள். கராஜில் பாஸிடம் கேட்கப்படும் முதல் கேள்வியும் அதுதான்: எஞ்சினுக்கு என்ன செய்யலாம், சைலன்சரை மாற்றினால் சத்தம் எப்படி வரும்? என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். ஊவா மலையில் வண்டி பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஏறுவதற்கு எந்த எஞ்சினும் எப்படியோ போதும். இறங்குவதில்தான் வண்டியின் குணம் தெரியும். பந்தயத் தடமும் அப்படித்தான், வேகம் சற்றுக் கூட.

அப்புத்தளையில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் தியத்தலாவை. தேயிலை விலகி, புல் மேடுகள் தொடங்கும் இடம். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளில் சுமார் 5,000 பேரை 1900இல் பிரித்தானியர் இங்கே கொண்டுவந்து முகாமில் அடைத்தார்கள். அன்று தொடங்கி இது படைகளின் ஊர். ஒரு மேட்டின் சரிவில் வெள்ளைக் கற்களால் நரி உருவம் ஒன்று கிடக்கிறது, எச்.எம்.எஸ். பொக்ஸ் என்ற கப்பலின் மாலுமிகள் பதித்தது என்பார்கள். அந்த மேட்டில்தான், இலங்கை இராணுவ அக்கடமியின் காணியில், பொக்ஸ் ஹில் சுப்பர் குரோஸ் நடந்து வந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி ஓடும் மண் தடப் பந்தயம் அது. நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி இருக்கிறது; அது 1934இல் தொடங்கியது, தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஏறுவது. களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தை இருக்கிறது. உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் இறங்கிய ஓடுபாதை. தமிழ்நாட்டுச் சோழவரமும் அதே ஜாதிதான்: போர் முடிந்து விமானங்கள் போனதும் அங்கே பியட்டும் ஹெரால்டும் ஓடத் தொடங்கின. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். அந்த வகைக் காரில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா 1 வரை போனார். 796 சிசி சின்ன எஞ்சின் எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

இலங்கைப் பந்தயங்களில் சின்னக் கார்களுக்குத் தனித்தனி வகுப்பே உண்டு. மினி, நிசான் மார்ச், போர்ட் லேசர், மஸ்டா. லேசரும் மஸ்டாவும் ஒரே வகுப்பில் நிற்பதற்குக் காரணம், போர்ட் லேசர் என்பது மஸ்டா பெமிலியாவின் உடம்புக்குள் பிறந்த கார் என்பதுதான். புதுக் கார் ஏன் இல்லை என்று வெளிநாட்டுக்காரன் கேட்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்கு முன்னரும் வரி குறைவாக இருந்த காலம் நினைவில்லை. அதனால் இங்கே 1990களின் காருக்கு இன்னும் உதிரிப்பாகம் கிடைக்கிறது, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளும் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கின்றன.

1992இல் வந்த மார்ச், நம் ஆட்கள் கே11 என்று சொல்வது, இந்த வேலைக்கு நல்ல உதாரணம். 997 சிசி, 60ஐ ஒட்டிய குதிரைவலு, முன்சக்கர இழுவை, சாரதியோடு சேர்த்து 850 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 850 கிலோவும் தரையைத் தொடுவது எவ்வளவு இடத்தில்? டயரில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்று அடித்திருந்தால், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. எடையை அதனால் வகுத்தால் 400 சதுர சென்ரிமீற்றர் சொச்சம் வரும். நான்கு சக்கரத்துக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 10க்கு 10 சென்ரிமீற்றர், ஓர் ஆளின் உள்ளங்கை அகலம். வேகம் எடுப்பது, நிற்பது, திரும்புவது எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் நடக்க வேண்டும். எஞ்சினுக்கு ஆயிரம் குதிரை பூட்டினாலும் அந்த வாசலின் அளவு மாறாது.

அகல டயர் போட்டால் பரப்பு கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எடையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் பரப்பும் ஏறத்தாழ அதேதான்; வடிவம் மட்டும் மாறும், நீளமாக இருந்தது அகலமாகும். அந்த வடிவ மாற்றம் திரும்பும்போது உதவுகிறது, அகல டயரின் இறப்பர் சூடு தாங்குகிறது, குறைந்த அழுத்தத்திலும் ஓட விடுகிறது. நன்மை அங்கேதான். காற்றழுத்தம் பற்றிச் சொல்லும்போது மலைக்காரருக்கு ஒரு விசித்திரம்: கொழும்பில் 30 அடித்துக்கொண்டு அப்புத்தளைக்கு ஏறினால், வெளியே காற்று மெலிவதால் அளவுமானி 32 காட்ட வேண்டும். காட்டாது. மேலே இருக்கும் குளிர் டயருக்குள்ளே உள்ள காற்றைச் சுருக்கி அந்த இரண்டில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இனி அந்தக் காரை ஒரு முடக்கில் திருப்புவோம். நல்ல தார் ரோட்டில், காய்ந்த டயரில், புவியீர்ப்பின் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை எடுக்கலாம். காரின் பாரமையம் தரையிலிருந்து அரை மீற்றர் மேலே, இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் 1.35 மீற்றர் என்றால், அந்த முடக்கில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு 250 கிலோ இடம் மாறுகிறது. ஒரு பக்கத்துக்கு 425 என்று இருந்தது வெளியே 675, உள்ளே 175 ஆகிறது. மொத்தம் அதே 850தானே, பிடியும் அதே அளவு இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்து உராய்வு விதிப்படி இருக்க வேண்டும். இறப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. தாரின் சிறு கற்களுக்கு இடையில் இறப்பர் பிதுங்கி இறங்கிப் பிடிக்கிறது. கூடவே மேற்பரப்போடு ஒட்டியும் பிடிக்கிறது. சுமை கூடக் கூட, புதிதாகப் பிதுங்க இடம் குறைகிறது. இரட்டைச் சுமைக்கு இரட்டைப் பிடி கிடைக்காது. வெளிச் சக்கரம் சம்பாதித்தது, உள்சக்கரம் இழந்ததை ஈடுகட்டாது.

காரைத் தாழ்த்துவதன் முழு நியாயமும் இதுதான். பாரமையத்தை 5 சென்ரிமீற்றர் இறக்கினால் அந்த 250இல் 25 கிலோ மிஞ்சுகிறது. பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகத் தாழ்த்துகிறவர்கள் ஸ்பிரிங்கை வாளால் அறுத்துவிட்டுப் பழைய சொக் அப்சோபரையே விட்டுவிடுவார்கள். அறுத்த ஸ்பிரிங் குட்டையாவது மட்டுமல்ல, விறைப்பும் கூடுகிறது. பழைய சொக் அப்சோபரால் அந்தத் துள்ளலை அடக்க முடியாது. துள்ளும் சக்கரம் தரையில் இல்லாத நேரத்தில் பிடியும் இல்லை. தாழ்த்திய கார் பழைய காரைவிட மோசமாகத் திரும்பும்.

ஸ்டெபிலைசர் பார் என்ற வளைந்த இரும்புக் கம்பி இன்னும் சுவாரசியமானது. அது இடம் மாறும் மொத்தச் சுமையைக் குறைப்பதில்லை. அதில் எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. முன்சக்கர இழுவைக் காருக்குப் பிறவிக் குணம் ஒன்று உண்டு: எஞ்சின் பாரம், இழுக்கும் வேலை, திருப்பும் வேலை மூன்றும் முன்சக்கரங்களின் தலையில். ஆகவே வேகமாகத் திருப்பினால் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு நேராகப் போகப் பார்க்கும். பின்பக்கத்துக் கம்பியைத் தடிப்பாக்கினால், பின்சக்கரங்கள் சுமைமாற்றத்தில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டு தங்கள் பிடியைக் கொஞ்சம் இழக்கும். முன்சக்கரங்கள் மூச்சு விடும். பிடியைக் குறைத்துக் காரை வேகமாக்குவது! சின்னக் கார்ப் பந்தயப் படங்களில் உள்பக்கப் பின்சக்கரம் அந்தரத்தில் தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கார் கவிழப் போகிறது என்று பயப்பட வேண்டியதில்லை. அந்தச் சக்கரத்துக்கு அந்த நேரத்தில் வேலை இல்லை, அவ்வளவுதான்.

மேலே சொன்னதில் பாதி தியத்தலாவையில் செல்லாது. தார்த் தடத்துக்காகத் தாழ்த்தி விறைப்பாக்கிய காரை மண் தடத்தில் விட்டால் முதல் மேட்டிலேயே வயிறு உரசும். அங்கே சக்கரம் நெடுந்தூரம் மேலும் கீழும் போய்வர வேண்டும், ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும், அடியில் எஞ்சினைக் காக்க இரும்புத் தகடு வேண்டும். தாரில் டயர் சில பாகை மட்டுமே சறுக்குக் கோணத்தில் நிற்கும்போது அதிகபட்சப் பிடி கிடைக்கும். மண்ணில் டயர் நேராக உருண்டால் பிடி குறைவு. பெரிய கோணத்தில் குறுக்கே சறுக்கும்போது முன்னால் மண்ணைக் குவித்து அதன்மேல் சாய்ந்துகொள்கிறது. சுற்றாமல் இறுகிப்போன சக்கரம் தாரில் வழுக்கும். அதே சக்கரம் உதிரிச் சரளையில் முன்னால் ஓர் அணை கட்டிக்கொண்டு, சுற்றும் சக்கரத்தைவிடச் சீக்கிரம் நிறுத்தவும் கூடும். மண்ணில் ஓட்டுகிறவர் காரைக் குறுக்கே வீசுவது சனத்தின் கைதட்டலுக்காக மட்டும் அல்ல.

முன்சக்கர இழுவைக் காரை இப்படி வீசுவது எப்படி என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் பின்லாந்துக்காரர்கள் முக்கியமானவர்கள். வலக்கால் அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டே இருக்க, இடக்காலால் பிரேக்கைத் தொடுவார்கள். முன்சக்கரம் எஞ்சின் பலத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும்; பின்சக்கரம் மட்டும் தயங்கும்; வால் வெளியே வரும். அலெக் இசிகோனிஸ் வரைந்து 1959இல் வெளிவந்த மினி இதற்கென்றே செய்தது போல அமைந்தது, அவர் அதை மலிவான குடும்பக் காராகத்தான் நினைத்தார் என்றாலும். எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர் பொக்ஸை எஞ்சினின் அடியிலேயே ஒளித்து, அலெக்ஸ் மோல்ட்டனின் இறப்பர்க் கூம்புகளை ஸ்பிரிங்குக்குப் பதில் பொருத்தி, 10 அங்குலச் சக்கரங்களை நான்கு மூலையிலும் தள்ளி வைத்ததில், 3 மீற்றர் சொச்சம் நீளக் காருக்குள் நான்கு பேர் உட்கார இடம் வந்தது. பின்னால் தொங்கும் பாரமும் இல்லாமல் போனது. ஜோன் கூப்பர் அதற்குள் பந்தயக் காரைக் கண்டார். 1964இல் பெடி ஹொப்கேர்க், 1965இல் டிமோ மாகினென், 1967இல் ரௌனோ ஆல்டனென் என்று மொன்டி கார்லோ ராலியை மினி மூன்று தரம் வென்றது. 1966இலும் முதலாவதாகத்தான் வந்தது. முன்விளக்கு விதியைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். அந்தச் சண்டை வேறு கதை.

எஞ்சினுக்கு வருவோம், கடைசிக் கேள்வி என்று நான் சொன்னாலும். தியத்தலாவை 1,250 மீற்றர் அளவில் இருக்கிறது. வெப்பநிலை வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால், கொழும்பில் ஒரு லீற்றரில் இருக்கும் காற்றைவிட அங்கே ஏறத்தாழ 12 சதவீதம் குறைவு. எஞ்சின் என்பது காற்றை உறிஞ்சி, அதற்கேற்ற பெற்றோலை எரிப்பது. காற்று 12 சதவீதம் குறைந்தால் பலமும் அந்த அளவுக்குக் குறையும். 60 குதிரை மேலே வரும்போது 53 ஆகிறது. சைலன்சர், காற்று வடிகட்டி, கேம் என்று கராஜில் மாதக்கணக்கில் செலவழித்துச் சம்பாதிப்பதை மலை ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளும். எல்லாருக்கும் அதே காற்றுத்தான் என்பது ஆறுதல்.

கார்புரேற்றர் உள்ள காரில் இன்னொரு சங்கதி நடக்கிறது. கழுத்தின் வழியாகப் பாயும் காற்று உண்டாக்கும் உறிஞ்சல்தான் பெற்றோலை இழுக்கிறது. காற்றின் அடர்த்தி 12 சதவீதம் குறைந்தால் உறிஞ்சலும் 12 சதவீதம் குறையும். ஆனால் துளை வழியே வரும் பெற்றோல் உறிஞ்சலின் வர்க்கமூலத்துக்குத்தான் கட்டுப்படும். அது 6 சதவீதம்தான் குறைகிறது. காற்று குறைந்த அளவுக்குப் பெற்றோல் குறையவில்லை. கலவை கொழுத்துப் போகிறது, பிளக் கறுக்கிறது, எஞ்சின் திணறுகிறது. கொழும்பில் அழகாகப் பாடிய மினி தியத்தலாவையில் இருமுவது இதனால்தான். ஜெட்டைச் சிறிதாக்க வேண்டும்; மினியின் எஸ்.யு. கார்புரேற்றரில் கூம்பு ஊசியை மாற்ற வேண்டும், அல்லது அடியில் உள்ள நட்டைத் திருப்பிச் சரிக்கட்ட வேண்டும். ஊசி மூலம் பெற்றோல் பீய்ச்சும் கே11 போன்ற கார்களில் உள்ளே வரும் காற்றை அளந்து கணினியே குறைத்துவிடும். மலை எடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பியும் தருகிறது: சிலிண்டருக்குள் காற்று குறைவாக இருப்பதால் அமுக்கத்தின் உச்சமும் குறைவு, எஞ்சின் தட்டும் பயம் குறைவு. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் 85 ஒக்டேன் பெற்றோலை விற்றுக்கொண்டு காலம் தள்ளுவது இந்தத் தைரியத்தில்தான். நம் பம்பில் 92உம் 95உம் இருக்கின்றன. மேலேயே ஓடப்போகிற காருக்கு அமுக்க விகிதத்தைச் சற்று ஏற்றலாம். அதே காரைச் சமவெளிக்குக் கொண்டுபோகிறவர் யோசித்துச் செய்ய வேண்டும்.

ரேடியேற்றர் மூடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் அதைப் பேசுவதில்லை. அப்புத்தளையில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இறுக்கமாக இருந்தால் ரேடியேற்றருக்குள் அது 115ஐத் தாண்டும் வரை கொதிக்காது. மூடியின் இறப்பர் வளையம் வெடித்துப்போயிருந்தால் அந்த 20 பாகையும் போயிற்று. பந்தய எஞ்சினுக்கு ஆயிரமாயிரமாகக் கொட்டுகிறவர் முதலில் அந்த மூடியை மாற்றட்டும்.

பழைய காரில் பணம் உண்மையில் போகும் இடம் தகரம். இந்தக் கார்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடம்பின் தகரமே எலும்பு. மேற்கிலிருந்து மேகம் ஏறி வந்து ரோட்டைக் கடந்து போகும் ஊர் அப்புத்தளை. இங்கே முப்பது வருடம் நின்ற காரின் படிக்கட்டு ஓரத்தையும், சொக் அப்சோபரின் தலை வந்து பொருந்தும் இடத்தையும் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் பெயின்டுக்குக் கீழே துரு. அந்த இடம் இளகினால் மேலே சொன்ன ஸ்பிரிங், கம்பிக் கணக்கெல்லாம் பொய். சக்கரத்தின் கோணத்தைக் காரின் உடம்பே வளைந்து மாற்றிவிடும். டிங்கர் பாஸ் வேலையை முடித்த பிறகுதான் மற்றவர் கை வைக்க வேண்டும்.

பிறகு கழற்றும் வேலை. பின் ஆசனம், கம்பளம், சத்தம் அடக்கும் தார்த் தகடு, கதவின் உள் அட்டை. 850இல் 100 கிலோ குறைத்தால் அது 60 குதிரையை 68 ஆக்கியதற்குச் சமம், அதுவும் வேகம் எடுப்பதில் மட்டும். நிற்பதிலும் திரும்புவதிலும் அதற்கு மேலும் கொஞ்சம் இலாபம் வரும். எஞ்சின் வேலையால் அது வராது. சக்கரத்தின் விளிம்பில் குறையும் ஒரு கிலோ இரண்டு கிலோவுக்குச் சமம், ஏனென்றால் அது முன்னால் போவதோடு சுழலவும் வேண்டியிருக்கிறது. கழற்றியதில் ஒரு பங்கைத் திருப்பிப் போடவும் வேண்டும்: உருளைக் கூண்டு. சர்வதேச விதிப்படி பிரதான வளைவுக்குப் பொருத்தில்லாத உருக்குக் குழாய், 45 மில்லிமீற்றர் விட்டம், 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. முப்பது நாற்பது கிலோ ஏறும். அதற்குப் பதிலாக உயிர் மிஞ்சுகிறது, முறுகும் பழைய உடம்பும் விறைக்கிறது. தண்ணீர்க் குழாயை வளைத்து ஒட்டிக் கூண்டு என்று சொல்கிறவர்களைப் பற்றி நல்ல வார்த்தை என்னிடம் இல்லை.

பிரேக்குக்கு மூன்று விதமான தோல்வி உண்டு. பழைய கார்களின் பின்பக்க ட்ரம், சூடேறினால் விரிந்து உள்ளிருக்கும் லைனரை விட்டு விலகிப் போகும்; டிஸ்க் தடித்துப் பெட்டை நோக்கியே வரும், அதனால்தான் டிஸ்க் வென்றது. இரண்டாவது, பெட்டில் உள்ள பிசின் சூட்டில் ஆவியாகி இடையில் புகுந்து வழுக்கும். மூன்றாவதுதான் கொடியது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் திரவம், மலைநாட்டு ஈரத்தில் கேட்கவே வேண்டாம். டொட் 4 வகைப் புது ஒயில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் குடித்த பழசுக்கு உத்தரவாதம் 155 பாகைக்குத்தான். அதைத் தாண்டினால் குழாய்க்குள் நீராவிக் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரைவரை போகும், கார் போய்க்கொண்டே இருக்கும். ஒரு போத்தல் புது ஒயிலின் விலை இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றிலும் மலிவு.

இவ்வளவும் காருக்குள் இருப்பவருக்கு. 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு பொக்ஸ் ஹில்லில் பந்தயம் நடந்தது. மலையெங்கும் சனம். தடத்தை விட்டு விலகிய கார் ஒன்று பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட. இருபதுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். தடத்தில் கடமையில் நின்றவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். 1955இல் பிரான்சின் லு மான்ஸில் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்த பிறகு சுவிற்சர்லாந்து சுற்றுப் பந்தயங்களையே பல பத்தாண்டுகள் தடைசெய்தது. அத்தனை பேர் இறக்கும்வரை பலர் பார்வையாளர் நிற்கும் இடத்தைக் காரின் கணக்கோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மணிக்கு 100இல் வரும் கார் காய்ந்த தாரில் நிற்க 45 முதல் 50 மீற்றர் எடுக்கும். சரளை மண்ணில் பிடி அதில் பாதிக்குச் சற்றுக் கூட; 85 மீற்றருக்கு மேல் போகும். 120இல் வந்தால் 125 மீற்றர். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் தூரம் 21 சதவீதம் கூடுகிறது. ஆகவே கராஜில் ஒவ்வொரு நல்ல வேலை நடக்கும்போதும் சனம் நிற்கும் கயிறு அதற்கேற்பப் பின்னால் போயிருக்க வேண்டும். கார்கள் வருடா வருடம் வேகமாகின்றன. மேட்டின் வடிவம் மாறுவதில்லை. இதில் சாரதியின் கண் தாமதமும் சேரும்: மஞ்சள் கொடியைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்றால், 100இல் வரும் கார் அதற்குள்ளேயே 42 மீற்றர் ஓடிவிடும். முன்னால் போன காரின் புழுதியில் கொடி தெரியாவிட்டால் அந்தக் கணக்கும் இல்லை. தடத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் பவுசர், கார்களுக்கு நடுவில் விடும் இடைவெளி, மண் அணையின் உயரம், கொடி பிடிப்பவர் நிற்கும் மேடை எல்லாம் கார் மொடிபிகேசனின் பகுதிதான் என்பேன், காரின் சொந்தக்காரர் அவற்றுக்குக் காசு கட்டாவிட்டாலும்.

உயரம் உதவும். 10 மீற்றர் ஏற்றம் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காரின் சக்தி முழுவதையும் எடுத்துவிடும். தடத்தின் மட்டத்தில் நிற்பதைவிட மேட்டின் மேல் நிற்பது எவ்வளவோ மேல். பிடி இழந்த கார் பெரும்பாலும் முடக்கின் தொடுகோட்டில், வெளிப்பக்கமாகத்தான் போகும். நல்ல படம் கிடைக்கும் என்று ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு கூடுவதும் அங்கேதான். உள்பக்கம் அதைவிட நல்லது, முற்றாக நல்லது என்று சொல்வதற்கில்லை: குறுக்கே சறுக்கிக்கொண்டிருக்கும் காருக்குத் திடீரென்று பிடி கிடைத்தால் அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே பாயும்.